பார்லி சக்கை பால் சங்கம் வழியே வரட்டும்

திருவள்ளூர் மாவட்டத்தில் பார்லி விளைவதில்லை. அது குளிர் கேட்கும் பயிர். ராஜஸ்தானும் உத்தரப் பிரதேசமும்தான் அதன் சொந்த நிலம். ஆனாலும் இந்த மாவட்டத்தின் கறவை மாடுகள் பார்லி தின்கின்றன. பூந்தமல்லி–திருவள்ளூர் சாலையை ஒட்டிய அரண்வாயல், குத்தம்பாக்கம் பகுதி பீர் ஆலைகளில், தானியத்தின் இனிப்புச் சாறு வடிந்தபின் மிஞ்சும் ஈரமான சக்கை அவற்றின் தொட்டிக்குப் போகிறது. மாட்டுக்காரர்கள் இதை பீர் சக்கை என்கிறார்கள். ஆலை இதைக் கழிவு என்று கணக்கில் எழுதுகிறது. வியாபாரி லோடு கணக்கில் விற்கிறார். மாடு தின்பதால் இது தீவனம். தீவனத்துக்கு உரிய சோதனையும் நியாயமான விலையும் இதற்கு வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகவே இது விற்கப்பட வேண்டும்.

உலகில் விளையும் பார்லியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்நடைகளுக்கே போகிறது. ஆடு, ஒட்டகங்களுக்காக சவுதி அரேபியா பல ஆண்டுகள் உலகிலேயே அதிகமாக பார்லி இறக்குமதி செய்த நாடாக இருந்தது. இந்தியாவில் கதை வேறு. 1950-51-ல் 31 லட்சம் ஹெக்டேரில் பார்லி நின்றது. இன்று ஆறு லட்சம் ஹெக்டேரை ஒட்டியே பயிராகிறது. கிணறும் கால்வாயும் வந்த இடங்களில் கோதுமை ஏறியது, பார்லி இறங்கியது. ஏழையின் ரொட்டியாகவும் மாட்டின் தானியமாகவும் இருந்ததை இப்போது மால்ட் நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றன. நல்ல தானியம் மதுவுக்கும் மால்ட் பானத்துக்கும் போய்விட, தென்னாட்டு மாட்டுக்குக் கிடைப்பது சக்கைதான்.

அந்தச் சக்கையும் இப்போது அருமையாகிவிட்டது. அடர்தீவனத்தின் முதுகெலும்பான மக்காச்சோளம் கடந்த சில ஆண்டுகளாக எத்தனால் ஆலைகளுக்குப் பெருமளவில் திரும்பியதால், தீவன விலை ஏறியது. கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தபின் வைக்கோலும் முன்போல முழுதாகக் கைக்கு வருவதில்லை.

மேய்ச்சல் நிலம்? கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையைக் கேட்டால் தெரியும். ஊர் மாடுகள் மேய்ந்த ஆயிரத்து நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிப்காட் தொழிற்பூங்காவாயிற்று. ஊர் மக்கள் போராடினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். அங்கே டயர் ஆலை கட்டிய மிஷெலின் நிறுவனத்தின் மீதான புகார் 2012-ல் பிரான்ஸ் வரை போனது. நிலம் திரும்பவில்லை. தொழிற்சாலை வேண்டாம் என்பது நம் வாதம் அன்று. புல்லை எடுத்துக்கொண்ட அரசு, மாட்டுக்கு மாற்று என்ன என்று இன்றுவரை சொல்லவில்லை என்பதே நம் குறை.

பீர் சக்கை முழு மாற்று ஆகாது. ஆனால் நல்ல துணைத் தீவனம். மாவுச்சத்து சாறோடு போய்விடுவதால் புரதமும் நார்ச்சத்தும் திரண்டு நிற்கின்றன. ஈரம் நீக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு புரதம். முழு பார்லியில் இதில் பாதி அளவே இருக்கும். மாட்டுக்குப் போதை ஏறும், பாலில் சாராயம் கலக்கும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பதற்கு முன்பே சக்கை பிரிக்கப்பட்டுவிடுகிறது.

உண்மையான ஆபத்து பூஞ்சை. ஆலையை விட்டு வெளியே வரும் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நம் வெயிலில் இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். எந்தத் தீவனமானாலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாக வாய்ப்புண்டு. அதன் ஒரு வடிவம் பாலில் இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நடத்திய ஆய்வில் நாடு முழுதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. மாநில வாரியாகப் பார்த்தால் தமிழ்நாடே முதலிடம்: 551-ல் 88. அந்த 88-க்கும் பீர் சக்கைக்கும் தொடர்பு உண்டென்று நாம் சொல்லவில்லை. கடலைப் புண்ணாக்கிலிருந்து மக்காச்சோளம் வரை எதிலும் வரலாம். ஆனால் குழந்தைக்குக் கொடுக்கும் பாலில் ஆறில் ஒரு மாதிரி இப்படி வரம்பு மீறிய மாநிலத்தில், தேதியும் சீட்டும் இல்லாமல் ஈரத் தீவனம் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருப்பதை ஏற்க முடியாது. கலப்புத் தீவனத்துக்கு ஐ.எஸ். 2052 என்ற தர அளவுகோல் இருக்கிறது. ஈரச் சக்கை அதன் எல்லைக்குள் வராது.

விலையிலும் அநியாயம் இருக்கிறது. ஒரு டன் சக்கையில் காய்ந்த பொருள் 200 முதல் 250 கிலோதான். எடைக்குப் பணம் கொடுப்பவர் தண்ணீருக்கும் சேர்த்தே கொடுக்கிறார். மலிவென்று நினைத்து அளவு மீறிப் போட்டால் மாட்டுக்குச் செரிமானம் கெடும், பாலின் கொழுப்பு குறையும். அப்புறம் சங்கத்தில் டெஸ்ட் பார்க்கும்போது விலை குறையும். நஷ்டம் இரண்டு பக்கமும் அவருக்கே.

இதைச் சரிசெய்யும் பிடி அரசின் கையில் இருக்கிறது. பீர் ஆலைக்கு உரிமம் தருவது மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை. தமிழ்நாட்டில் விற்கும் பீரை மொத்தமாக வாங்குவது 1983-ல் தொடங்கப்பட்ட டாஸ்மாக். வாங்குபவர் ஒருவரே என்றால் நிபந்தனை போடும் வலிமையும் அவருக்கே. சக்கை பிரித்த தேதி, ஈரப்பதம், பூஞ்சைநஞ்சுச் சோதனை முடிவு ஆகிய மூன்றும் எழுதிய சீட்டு இல்லாமல் எந்த லாரியும் ஆலை வாசலைத் தாண்டக் கூடாது என்று கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். விலையைக் காய்ந்த பொருள் கணக்கில் வைக்க வேண்டும். ஆலையிலேயே பிழிந்து தண்ணீரைக் குறைத்தால் லாரி வாடகையும் குறையும்.

நீண்டகால ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களை எப்படி விலக்குவது என்று ஆலைகள் கேட்கக்கூடும். விலக்க வேண்டாம், சங்கம் பதிவு செய்த வண்டியில் அவர்களே ஓட்டட்டும். பால் சங்கங்களுக்கு ஏற்கனவே உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, யாரிடம் எத்தனை மாடு என்ற கணக்கு இருக்கிறது, தினமும் இரு வேளை பால் ஊற்ற வருபவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்கு எவ்வளவு போடலாம், கூடவே தாது உப்புக் கலவை ஏன் வேண்டும் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. காற்றுப் புகாமல் மிதித்து மூடினால் ஊறுகாய்ப் புல் போல வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். இந்தச் செய்முறையை ஊர் ஊராகக் கற்றுத்தரும் பொறுப்பை மாதவரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைத் தொடங்குவது நல்லது. முதல் ஒதுக்கீடு கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டச் சங்கங்களுக்குப் போக வேண்டும். ஆலைகளிலிருந்து அவை தொலைவில் இருப்பதால் ஏற்றுகூலி கூடும். அந்தக் கூடுதல் செலவை சிப்காட் தன் நிதியிலிருந்து தர வேண்டும். அங்கே இருந்த மேய்ச்சல் தரையில்தான் அதன் தொழிற்பூங்கா நிற்கிறது.