தோலை வெளுக்கும் நஞ்சும் தூங்கும் சட்டமும்

கருமை நோயன்று. நோயல்லாத ஒன்றுக்கு மருந்து விற்க விரும்புவோன், முதற்கண் அதனை நோயென்று மக்களை நம்பச் செய்தல் வேண்டும். அந்நம்பிக்கை வேரூன்றிவிட்டால் எந்த நஞ்சையும் அவன் களிம்பென்று விற்கலாம். வாங்குவோரும் நன்றி கூறி வாங்குவர். தோலை வெளுக்கச் செய்வதாகக் கூறும் களிம்புகளின் வணிகம் இவ்வழியிலேயே வளர்ந்தது. இதனை ஒப்பனை பற்றிய சிறு செய்தியென்று ஒதுக்குவோர் உளர். நம் வீட்டுப் பெண்மக்களின் சிறுநீரகத்தைத் தொட்ட பின்னரும் அதனைச் சிறு செய்தியென்று எவ்வாறு ஒதுக்குவது?

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் நிகழ்ந்ததைக் கேண்மின். மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், சிறுநீரகத்தின் வடிகட்டும் படலம் பழுதுற்று, உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீர் வழியே கழியும் நோயோடு, 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேர் கண்டறியப்பட்டனர். அவருள் 15 பேரிடம் காணப்பட்டது அந்நோயின் அரிதான ஒரு வகை. அரிய நோய் ஓரிடத்தில் ஏன் குவிந்தது என மருத்துவர் வினவினர். அப்பதினைவருள் 13 பேர் தோல் வெளுப்புக் களிம்பு பூசி வந்ததாக ஒப்புக்கொண்டனர். அக்களிம்புகளில் இருந்த நஞ்சு இதள், அதாவது பாதரசம். களிம்பை நிறுத்திய பின் பெரும்பாலோர்க்கு நோய் தணிந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தைச் சென்று தாக்கும் என்று அவர்க்கு எவர் சொன்னார்? களிம்பின் உறை சொல்லவில்லை; விற்றவனும் சொல்லவில்லை.

இதள் தோலை வெளுக்கச் செய்வது எங்ஙனம் என்பதை அறிதல் நன்று. நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. கதிரவனின் புறவூதாக் கதிர்கள் உயிரணுக்களின் உள்ளே சென்று கேடு விளைக்காதவாறு காக்கும் குடை அதுவே. அந்நிறமியை ஆக்குதற்குத் தைரோசினேசு என்னும் நொதி வேண்டும். அந்நொதி இயங்குதற்குச் செம்பு வேண்டும். இதள் உட்புகுந்து செம்பின் வேலையைக் கெடுக்கிறது. நொதி முடங்க, நிறமி குறைய, தோல் வெளிறுகிறது. இயற்கை தந்த குடையைக் கிழித்தெறிந்துவிட்டு அதனை அழகென்று அழைக்கின்றனர். அம்மட்டோடு நில்லாமல் இதள் தோலூடே குருதியிற் கலந்து சிறுநீரகத்திற் சேர்கிறது, நரம்புகளையும் தாக்குகிறது. களிம்பிலிருந்து எழும் ஆவி, அதனைப் பூசாத குழந்தையின் மூச்சிலும் புகுகிறது. தாய் பூசிய களிம்பு தொட்டிலிற் கிடக்கும் மகவையும் தீண்டும் என்பதே இதன் கொடுமை.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லையோ எனின், உண்டு. 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களுக்குத் தனி அளவு இருப்பினும், ஏனைய ஒப்பனைப் பொருள்களில் தற்செயலாகக் கலந்த இதள் பத்திலக்கத்தில் ஒரு பங்குக்கு மேல் இருத்தலாகாது. ஆயிரம் கிலோக் களிம்பில் ஒரு கிராம் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். உலக அளவிலும் உடன்படிக்கை உண்டு. சப்பானின் மினமாட்டா நகரத்தில் ஆலைக் கழிவிலிருந்த கரிம இதள் கடல்மீன் வழியே மக்களை முடமாக்கிய கொடுமை 1956இல் வெளிப்பட்டது. அந்நகரின் பெயரால் 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. இதள் சேர்த்த ஒப்பனைப் பொருள்களை 2025ஆம் ஆண்டோடு முற்றும் ஒழிப்பதென 2023இல் அவ்வுடன்படிக்கை நாடுகள் முடிவு செய்தன.

ஏட்டிற் சட்டம் இவ்வாறிருக்க, கடையில் நடப்பது என்ன? தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் நடுவம் 2014இல் 32 வெளுப்புக் களிம்புகளை ஆய்ந்தபோது, 14 களிம்புகளில் இதள் காணப்பட்டது. அவையேனும் பெயரும் முகவரியும் உடையன. பெயரறியா ஊரிலிருந்து பெட்டியில் ஒளித்துக் கொணரப்பட்டு, ஒப்பனை நிலையங்களிலும் தெருமுனைக் கடைகளிலும் கைமாறும் குப்பிகளின் நிலை இன்னும் கொடிது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2019இல் ஒரு பெண்மணி நினைவு மங்கிக் கிடந்தார். அவர் பூசிய களிம்பில் பத்திலக்கத்தில் 12,000 பங்கு இதள் இருந்தது. விதி ஒப்பும் அளவினும் பன்னீராயிர மடங்கு அது! நம் நாட்டில் மருந்து விற்க உரிமம் வேண்டும். ஒப்பனைப் பொருள் விற்க உரிமம் வேண்டா. நஞ்சு எவ்வாயில் வழியாக நுழையும் என்பதை இனி விளக்க வேண்டுமோ?

இதளோடு இக்கதை முடியவில்லை. இரண்டாம் நஞ்சு, மருந்தாகப் பிறந்து களிம்பாகக் கெட்டது. படை, சொறி முதலிய தோல் நோய்களுக்கு மருத்துவர் சின்னாட்கு எழுதித் தரும் இசுட்டீராய்டு மருந்துகளே அவை. பூசிய சில நாளில் முகம் வெளுக்கும், மினுமினுக்கும். அம்மினுமினுப்பைக் கண்டு திங்கட்கணக்கிற் பூசுவோர்க்குத் தோல் மெலிந்து, குருதி நாளங்கள் வெளித்தெரிந்து, பருக்கள் எழுந்து, பெண்களின் முகத்திலும் மயிர் முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல், எரிச்சலைத் தணிக்க மீண்டும் அதே களிம்பு. கள்ளுக்கு அடிமையானவன் நிலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இந்தியாவெங்கும் 12 இடங்களில் தோல் மருத்துவர் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேருள் 433 பேர் இவ்வகை மருந்தை முகத்திற் பூசி வந்தமை தெரிந்தது. நடுவணரசு 2018இல்தான் இவ்வகை மேற்பூச்சு மருந்துகள் 14ஐ, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென ஆணையிட்டது. ஆணை பிறந்தது, ஆயினும் சீட்டுக் கேளாமல் எடுத்துத் தரும் கை இன்னும் பல கடைகளில் நீண்டுகொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது ஐதரோகுயினோன். மங்கு முதலிய நோய்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில், அளவோடும் கால வரையறையோடும் இதனை ஆளுவதை நாம் பழிக்கவில்லை. அளவின்றிப் பல்லாண்டு பூசுவதன் விளைவைத் தென்னாப்பிரிக்கா உலகுக்குக் காட்டியது. வெளுக்க வேண்டிப் பூசிய கறுப்பினப் பெண்களின் முகங்களில் நீலங்கலந்த கருந்திட்டுகள் படிந்ததை அந்நாட்டு மருத்துவர் 1975இல் எழுதினர். அத்திட்டுகளை நீக்குதல் மிக அரிது. வெளுப்பைத் தேடிச் சென்றோர்க்கு அழியாத கறை பரிசாகக் கிடைத்தது! 1990இல் அந்நாடு ஒப்பனைப் பொருள்களில் அதனைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் தோல் வெளுப்புப் பூச்சுகளில் 2001இல் தடுத்தது. அமெரிக்காவிலும் 2020க்குப் பின் மருத்துவர் சீட்டின்றி அதனை விற்றல் சட்டத்திற்கு ஒவ்வாது.

இவை பழம் பொருள்கள். புதியவை தீங்கற்றவை என்று கூறுவார்க்கும் விடையுண்டு. சப்பானில் அரசின் இசைவு பெற்றே உரோடோடென்ட்ரால் என்னும் புதிய வெளுப்புப் பொருளை ஒரு பெருநிறுவனம் விற்றது. பூசியோரின் தோலில் வெண்திட்டுகள் தோன்றவே 2013இல் அனைத்தையும் திரும்பப் பெற நேர்ந்தது. தாக்குண்டோர் ஏறத்தாழ இருபதினாயிரவர். முறைப்படி ஆய்ந்து விற்ற நாட்டிலேயே இந்நிலை எனின், ஆய்வே இல்லாத குப்பியை முகத்தில் ஏற்றுதல் எத்துணை அறியாமை!

இனி விளம்பரத்திற்கு வருவோம். பொய்ம்மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முதற் குற்றத்திற்கு ஆறு திங்கள் வரை சிறை என்பதே அதன் வன்மை. 2020 பிப்பிரவரியில் நடுவணரசு வெளியிட்ட திருத்த வரைவு, தோலை வெளுக்கச் செய்வதாகக் கூறும் விளம்பரத்தையும் குற்றப்பட்டியலிற் சேர்த்தது. முதற் குற்றத்திற்கு ஈராண்டுச் சிறையும் பத்திலக்கம் உருபா வரை தண்டமும் என்று முன்மொழிந்தது. நல்ல வரைவு, ஆயினும் அது வரைவாகவே நெடுநாட் கிடந்தது. அதே 2020இல், 1975 முதல் விற்கப்பட்டுவந்த 'ஃபேர் அண்டு லவ்லி' தன் பெயரை 'குளோ அண்டு லவ்லி' என மாற்றிக்கொண்டது. அக்களிம்பில் இதள் உண்டென்று நாம் கூறவில்லை. 'வெளுப்பு' என்னும் சொல்லை நீக்கி 'ஒளிர்வு' என்னும் சொல்லை இடுவதால், நாற்பத்தைந்து ஆண்டுகள் இளநெஞ்சங்களில் விதைத்த தாழ்வுணர்ச்சி நீங்கிவிடுமோ என்றே கேட்கிறோம்.

தாழ்வுணர்ச்சியை அயலான் மட்டுமே விதைத்தான் என்று கூறி நாம் தப்பிக்கவும் இயலாது. மணமகள் வேண்டி விளம்பரம் கொடுக்கும்போது 'சிவந்த நிறம்' என்று எழுதுவது யார்? பிறந்த மகவைப் பார்த்தவுடன் நிறம் என்ன என்று கேட்பது யார்? 'கறுப்பாயிருந்தாலும் களையாயிருக்கிறாள்' என்று, புகழ்வதுபோல் இகழ்வது யார்? நாமே அல்லமோ! நம் முன்னோர் இவ்வாறு எண்ணவில்லை. கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டையும் வெகுளிக்கும் நிறத்திற்கும் உரிய சொற்களாகத் தொல்காப்பியர் ஒருங்கு வைத்தாரேயன்றி, ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை. முல்லை நிலத்திற்குரிய தெய்வம் மாயோன், கருநிறத்தோன். மாந்தளிர் போலும் மாமை நிறமே பண்டைத் தமிழ் மகளின் எழில். தலைவன் பிரிய, அம்மாமை அழிந்து உடல் வெளிறுவதற்குப் பசலை என்று பெயர். அது துயரின் அடையாளம். திருக்குறளின் 119ஆம் அதிகாரமாகிய 'பசப்புறு பருவரல்' அத்துயரைப் பற்றியதே. அன்று துன்பமெனக் கண்ட வெளிறலை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஆகலின், அரசை நாம் கேட்பன இவை. கிடப்பில் இட்ட விளம்பரத் திருத்தத்தைச் சட்டமாக்கி நடைமுறைப்படுத்துக. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கடைகளிலும் ஒப்பனை நிலையங்களிலும் உள்ள வெளுப்புக் களிம்புகளை எடுத்து ஆய்ந்து, நஞ்சு கண்டவற்றின் பெயர்களை நாளிதழ்களில் வெளியிடுக. களிம்புகளின் உட்பொருளும் எச்சரிக்கையும் தமிழ்நாட்டில் தமிழில் அச்சிடப்படுக. ஆங்கிலத்தில், அதுவும் எறும்பெழுத்தில், அச்சிட்ட எச்சரிக்கை யாரை எச்சரிக்கும்? உழைத்துச் சேர்த்த காசில் களிம்பு வாங்கும் ஆலைத் தொழிலாளப் பெண்ணுக்குப் புரியாத மொழியில் எழுதுவது, எழுதாமல் விடுவதற்கே ஒப்பாகும்.

படிப்போர் தாமே செய்யத்தக்கனவும் உள. செய்தவன் பெயர், முகவரி, உரிம எண், உட்பொருட் பட்டியல் ஆகியவை இல்லாத களிம்பை வாங்கற்க. ஒரு கிழமையில் வெளுக்கும் என்னும் உறுதிமொழியைக் கேட்டால் அதனையே எச்சரிக்கையாகக் கொள்க. அத்தகு களிம்பு பூசுவோர்க்கு முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் மிகுதியாக நுரைத்தாலும், உடனே மருத்துவரிடம் செல்க. களிம்புக் குப்பியையும் மறவாது உடன் கொண்டு செல்க. இசுட்டீராய்டு பூசி வந்தோர் மருத்துவர் வழிகாட்டலோடு அதனை நிறுத்துக. ஆசிரியப் பெருமக்கள் தம் வகுப்பில் இதனை ஒரு பாடமாகவே நடத்துக. நிறத்தால் ஒரு மாணவியை எவரேனும் இகழக் கேட்டால், கேளாதார்போல் இருத்தல் வேண்டா.

சட்டம் விழிக்கும்வரை நாம் உறங்கலாகாது. வெயிலில் உழுதும் நாற்று நட்டும் கல் சுமந்தும் இந்நாட்டை வாழவைத்த மக்களின் தோல் கரியது. அதனை வெளுக்க வேண்டியதில்லை, காக்க வேண்டும்.