காபி ட்ரே... கட்டைவிரல் சைஸில்!

செமஸ்டர் லீவ்ல மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களா? வீட்டில் கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுங்க. பொம்மை வீட்டுக்கு ஒரு பூப்போட்ட ட்ரே செய்வோம்.

போன லீவுல இதை எங்க அத்தை பொண்ணுக்காகச் செய்தேன். அவளுக்கு எட்டு வயசு. 'சின்னப் பிள்ளைதானே, என்ன தெரியப்போகுது' என்று அளவெல்லாம் பார்க்காமல் அட்டையை வெட்டி, நடுவில் ஒரு ரோஜா வரைந்து நீட்டினேன். பொம்மை பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அக்கா, இது ரோஜா இல்ல, காலிஃபிளவர்!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மானம் போச்சு!

தப்பு கணக்கில்தான். பொம்மை வீடுகளில் பரவலாக இருக்கிற அளவு 1:12. நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். 1920-களில் இங்கிலாந்து ராணி மேரிக்காகச் செய்த பொம்மை வீடும் இதே அளவுதான். அதை வடிவமைத்தவர், புது டெல்லியை வடிவமைத்த அதே லட்யன்ஸ்! குழாயில் தண்ணீர், பாட்டிலில் நிஜ ஒயின் என்று அசத்தியிருக்கிறார்கள். என் ரோஜா 1 செ.மீ. பன்னிரண்டால் பெருக்கினால் 12 செ.மீ. காலிஃபிளவரேதான்!

சரி, வேலைக்கு வருவோம். 18-ம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பாண்டிபூல் ஊரில், தகரத்தில் கருப்பு மெருகு பூசி, பூ வரைந்த ட்ரேக்கள் செய்தார்கள். அந்த ஸ்டைல்தான் நம்ம மாடல்.

அட்டையை 42 மி.மீ. நீளம், 29 மி.மீ. அகலத்துக்கு வெட்டுங்க. நாலு பக்கமும் 2 மி.மீ. உள்ளே தள்ளி, எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போடுங்க. ஒவ்வொரு மூலையிலும் ஒரு கோட்டின் மேல் 2 மி.மீ. வெட்டி, ஓரங்களை மேலே மடித்து ஃபெவிகால் வையுங்க. கைப்பிடிக்கு ஸ்டேப்ளர் பின் போதும். குண்டூசியால் ஓட்டை போட்டு மேலிருந்து சொருகி, 3 மி.மீ. வெளியே விட்டு, அடியில் மடித்துவிடுங்க. மடிப்பு தெரியாமல் ஒரு பேப்பர் ஒட்டிடுங்க.

அடுத்து கருப்பு அக்ரிலிக். ஒரே தடவை திக்காக அப்பாதீங்க, தார் ரோடு மாதிரி ஆயிடும். மெல்லிசா ரெண்டு கோட், நடுவில் நல்லாக் காயணும். பூவுக்கு பிரஷ் வேண்டாம். குண்டூசித் தலையைப் பெயின்ட்டில் தொட்டு, ஒரு மஞ்சள் புள்ளி, சுற்றி அஞ்சு சிவப்புப் புள்ளி. மொத்தப் பூவும் 5 மி.மீ. தாண்டக் கூடாது. இலைக்கு டூத்பிக் முனை. ஓரத்துக்குத் தங்கநிற ஜெல் பேனா.

பளபளப்புக்கு நெயில் பாலிஷ் போடலாமேன்னு கை பரபரக்கும். வேண்டாம்! அது பெயின்ட்டைக் கரைத்து இழுத்துவிடும். அக்ரிலிக் வார்னிஷை ஓரத்தில் ஒரு துளி வைத்து, ஜெல் மை கலங்குதான்னு பார்த்துட்டுப் பூசுங்க.

இந்த ட்ரேயை அத்தை பொண்ணு திருப்பித் தரவில்லை. பொம்மை கையில் வைத்துவிட்டு, "டம்ளர் எங்கக்கா?" என்றாள்.

அடுத்த வாரம் டம்ளர்தான். உங்க வீட்டுக் காபி டம்ளரை அளந்து, பன்னிரண்டால் வகுத்து ரெடியா வையுங்க. வர்ட்டா!