இஷ்ஷினைச் சுற்றி ஓடுகிறவர்கள்

‘செகிரோ’வின் கடைசி பாஸ் இஷ்ஷினை எப்படித் தோற்கடிப்பது என்று தேடுகிறவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: ஓடு. அந்தப் புல்வெளியில் அவரைச் சுற்றி வட்டம் போட்டு ஓடிக்கொண்டே இரு. அவர் பெரிய வீச்சாக ஒன்று வீசுவார், அது காற்றில் போகும். உடனே உள்ளே புகுந்து ஒரே ஒரு வெட்டு. மறுபடி ஓடு. கேம் ஆடுகிறவர்கள் இதற்கு ‘சீஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை செய்யுமா? செய்யும். பொறுமையும் காலில் தெம்பும் இருந்தால் போதும், கால்கூட நம்முடையது இல்லை.

இதை உத்தி என்று அழைப்பதே எனக்கு ஒப்பவில்லை. ஆனால் கோபம் வருவது அதனால் இல்லை. இப்படி ஓடி ஜெயித்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, அவன் ‘முறையாக’ முடித்தவன். விளையாட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவைத்து, இஷ்ஷின் எதிரில் நின்று கத்தியோடு கத்தி மோதி முடித்தவனை மட்டும் கூண்டில் ஏற்றுகிறார்கள். இந்த நியாயம் எனக்குப் பிடிபடவே இல்லை.

விவகாரம் பழையது. ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ 2019 மார்ச்சில் வந்தது. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், ஹிடேடகா மியாசாகி இயக்கம். ஈஸி, நார்மல், ஹார்ட் என்று தேர்வு எதுவும் கிடையாது, எல்லோருக்கும் ஒரே கடினம். அடுத்த மாதமே கணினி விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில் எழுதும் ஒருவர், கடைசி பாஸை ஒரு மோட் போட்டு வேகத்தைக் குறைத்துத்தான் முடித்தேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று கட்டுரை எழுதினார். நீ விளையாட்டை மட்டுமல்ல, உன்னையே ஏமாற்றிக்கொண்டாய் என்கிற தொனியில் ட்விட்டரில் அவருக்கு ஒரு பிரசங்கம் வந்தது. அந்தப் பிரசங்கம் பிறகு மீம் ஆகிவிட்டது, எதற்கெடுத்தாலும் ஒட்டிச் சிரிப்பதற்கு. சிரித்தார்களே தவிர, அதிலிருந்த கருத்தைப் பெரும்பாலானோர் விடவில்லை. இன்றும் ஃப்ரம்சாஃப்ட்வேர் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், அதே பிரசங்கம் கொஞ்சம் மரியாதையான சொற்களில் வரும்.

இதில் யார் விளையாட்டை ஏமாற்றினார் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் இந்த விளையாட்டு நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

மற்ற சண்டை விளையாட்டுகளில் எதிரிக்கு உயிர்க் கோடு ஒன்று இருக்கும். அதைக் கரைத்தால் ஆள் காலி. செகிரோவில் அதோடு ‘பாஸ்ச்சர்’ என்று இன்னொரு மீட்டர் உண்டு. எதிரி எவ்வளவு நிலைகுலைந்திருக்கிறான் என்பதன் அளவு அது. அது நிரம்பினால் உயிர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஒரே குத்தில் அந்தக் கட்டம் முடிந்தது. அதை நிரப்ப இரண்டு வழி. நாம் அடிப்பது ஒன்று. அவன் அடியை, அது நம்மேல் படப்போகிற அந்தக் கணத்தில், கத்தியால் தட்டிவிடுவது இன்னொன்று. டிஃப்ளெக்ட் என்கிறார்கள். ஆக, எதிரி நம்மைத் தாக்குவதே நமக்கு வரவு. நாம் விலகி நின்றால் மீட்டர் மெல்ல இறங்கிவிடும். உயிர் நிறைய இருக்கும்போது வேகமாக இறங்கும், உயிர் குறையக் குறைய இறங்குவதும் மந்தமாகும்.

இந்த ஒரு கணக்கை வைத்தே மொத்த விளையாட்டும் கட்டப்பட்டிருக்கிறது. கிட்டே நில் என்கிறது அது. ஓடுகிறவன் செய்வது அதற்கு நேர் எதிர். ஒவ்வொரு வட்டத்துக்கும் இஷ்ஷினின் பாஸ்ச்சர் ஆறிப்போகிறது. மிச்சமிருப்பது உயிர்க் கோடு மட்டும், அதை எலி கடிக்கிற மாதிரி கடித்துக் கரைக்க வேண்டும். ஒரு வாள்வீரனோடு நடக்க வேண்டிய சண்டை, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடத் தொழுவத்தைச் சுற்றுகிற வேலையாக ஆகிவிடுகிறது. ஜெயித்த பிறகு அவனிடம் இஷ்ஷினைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்வான். வேறொன்றும் தெரிந்திருக்காது.

இஷ்ஷினைப் பற்றித் தெரிந்துகொள்ள நிறையவே இருக்கிறது. அந்தச் சண்டை நடக்கிற இடத்தை முதலில் பாருங்கள். விளையாட்டின் தொடக்கத்தில் நம் நாயகன், ஓநாய் என்று அழைக்கப்படும் ஷினோபி, கெனிச்சிரோவிடம் தோற்று இடது கையை இழப்பது இதே புல்வெளியில்தான். முடிவில் அதே இடத்தில் முதலில் எதிரே வந்து நிற்பதும் அதே கெனிச்சிரோ. அவரை வீழ்த்தினால், கையிலிருக்கும் கரிய வாளால் தன் கழுத்தையே அறுத்துக்கொள்கிறார். அவர் உடலிலிருந்து தாத்தா இஷ்ஷின், தன் வாலிப பலத்தோடு எழுந்து வருகிறார். அதற்குமேல் அவருக்கு மூன்று கட்டங்கள். கெனிச்சிரோவையும் சேர்த்தால் நான்கு. எங்கே செத்தாலும் கெனிச்சிரோவிலிருந்து மறுபடி ஆரம்பம்.

பலரும் கெனிச்சிரோவை வழியில் கிடக்கும் தடைக்கல்லாக நினைத்து எரிச்சல்படுகிறார்கள். முப்பதாவது தடவை அவரையே வெட்டிக்கொண்டிருக்கும்போது எரிச்சல் வராமலும் இருக்காது. எனக்கு அவர் கச்சேரிக்கு முன் சுருதி சேர்க்கிற மாதிரி. அன்றைக்கு விரல் எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். அவரிடம் இரண்டு தடவை குடுவையைத் திறந்து மருந்து குடிக்க வேண்டி வந்தால், அன்றைக்கு மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போவது நல்லது.

முதல் கட்டத்து இஷ்ஷினிடம் வாள் மட்டும்தான். இங்கே எல்லோரும் சொதப்புவது ஒரே விஷயத்தில்: பயத்தில் கார்டு பட்டனைப் படபடவென்று தட்டுவது. அப்படித் தட்டத் தட்ட, டிஃப்ளெக்ட் விழுவதற்கான நேர இடைவெளி சுருங்கும். பதறுகிறவனை இன்னும் பதறவைக்கும்படி எழுதியிருக்கிறார்கள், படுபாவிகள். நான் சொல்வது இதுதான்: முதல் பத்து இருபது முயற்சிகளில் அடிக்கவே போகாதீர்கள். ஜெயிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு அடி வாங்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவும் கண்ணால் இல்லை, காதால். வெறும் கார்டில் படும் சத்தம் மொண்ணையாக இருக்கும். டிஃப்ளெக்ட் ஆனால் பொறி பறக்கும், கணீரென்று கேட்கும். அந்தக் கணீர் வரிசையாக விழ ஆரம்பித்ததும் அவர் வீச்சுகளுக்கு ஒரு தாளக்கட்டு இருப்பது பிடிபடும். நம்முடைய பாஸ்ச்சர் நிரம்பி வருகிறதா, பயந்து ஓட வேண்டாம், இரண்டடி விலகி கார்டு பட்டனைப் பிடித்தபடியே நின்றால் சீக்கிரம் இறங்கும்.

இரண்டாவது கட்டத்தில் மண்ணிலிருந்து ஈட்டியை உருவுகிறார். கூடவே ஒரு துப்பாக்கி. வாள் தெய்வத்திடம் துப்பாக்கி எதற்கு என்று கேலி செய்யாத ஆளில்லை. அந்தக் குண்டையும் கத்தியால் தட்டலாம் என்பது வேறு விஷயம். ஈட்டி நீளம் என்பதால் எல்லோருக்கும் உடல் தானாகப் பின்வாங்கும். ஈட்டிக்கு வேண்டியதே நம்முடைய அந்தப் பின்வாங்கல்தான். முனை இருக்கும் தூரத்தில் நாமே போய் நிற்கிறோம். ஒட்டி நின்றால் அவருக்குப் பாதி ஈட்டிதான். தலைக்குமேல் சிவப்பில் ஒரு கஞ்சி எழுத்து மின்னும், ஆபத்து என்று. குத்து வருகிறதா, காலை அறுக்கும் வீச்சு வருகிறதா என்று அது சொல்லாது, இரண்டுக்கும் அதே எழுத்துதான். அவர் தோளையும் இடுப்பையும் பார்த்து நாம் முடிவெடுக்க வேண்டும். வீச்சு என்றால் குதி. குத்து என்றால் முன்னால் பாய்ந்து ஈட்டியைக் காலால் மிதி. ‘மிகிரி’ என்று இதற்குப் பெயர். உன்னைக் குத்த வருகிற ஆயுதத்தை நோக்கி நீயே போ என்பது உடம்பு லேசில் ஒத்துக்கொள்கிற யோசனை இல்லை. அது ஒத்துக்கொண்ட நாளில்தான் இந்த விளையாட்டு திறக்கிறது.

மூன்றாவதில் மின்னல். ஆச்சரியம், அதுதான் லேசு. மின்னல் வரும்போது குதித்து, அந்தரத்திலேயே அதை வாங்கி, தரையைத் தொடுவதற்குள் வெட்டு பட்டனை அழுத்தினால் அவருக்கே திரும்பப் போகும்.

சரி, பிரசங்கிகளிடம் வருவோம். அவர்களுடைய வாதத்தில் ஒன்று எனக்கும் உடன்பாடுதான். அடியின் வலுவை மட்டும் பாதியாகக் குறைத்து ‘ஈஸி’ என்று ஒரு பட்டன் வைத்தால் இந்த விளையாட்டு கெட்டுப்போகும். பத்து அடி வாங்கினாலும் சாகமாட்டோம் என்றால் யாரும் தட்டிவிடக் கற்கமாட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார்கள். ஈஸி மோட் கேட்டுக் கட்டுரை எழுதிய பலர் இதை யோசிக்கவே இல்லை. ஆனால் வேகத்தைக் குறைப்பது அந்த ஜாதியில் சேராது. அடிக்கு அதே வலுதான். அதே நேரக் கணிப்பு, குத்தை நோக்கி அதே பாய்ச்சல், தப்பினால் அதே சாவு. மாறுவது ஒன்றுதான், முடிவெடுக்க மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம்.

அந்த அவகாசம் எல்லோருக்கும் சமம் என்பதுதான் இவர்களுடைய பெரிய நம்பிக்கை. எல்லோரும் ஒரே தளத்தில் நின்று ஒரே விஷயத்தைப் பேச வேண்டும் என்பதால்தான் கடினத்தை மாற்றும் வசதி வைக்கவில்லை என்று மியாசாகியும் அப்போது விளக்கினார். நல்ல எண்ணம். ஆனால் நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன், எனக்கு இது சிரிப்பாக இருக்கிறது. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லிவிநாடி. ஹாலில் மாட்டியிருக்கும் டிவியில் கேம் மோடு போடாவிட்டால், படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று அது தாமதிப்பது 100 மில்லிவிநாடி வரைக்கும் போகலாம். கிட்டத்தட்ட ஆறு ஃப்ரேம் போச்சு. சாதாரண பிஎஸ்4-இல் இந்த விளையாட்டு 60-க்கு வெகு கீழேதான் ஓடியது, நல்ல கணினியில் சீராக 60. வயர்லெஸ் கன்ட்ரோலர், பழைய மானிட்டர் எல்லாம் தனிக் கணக்கு. இத்தனை வித்தியாசத்தையும் விழுங்கிவிட்டு ‘எல்லோருக்கும் ஒரே இஷ்ஷின்’ என்கிறவர்கள், ஒருவனுடைய விரல் நரம்பில் இருக்கும் தாமதத்தை மட்டும் மோசடி என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய மானிட்டர் குறைத்துத் தரும் தாமதம் திறமையில் சேர்த்தி, மோட் குறைத்துத் தருவது மட்டும் களவாம்.

என் சித்தப்பா மகனுக்குப் பிறவியிலேயே இடது கை கொஞ்சம் சரியில்லை. விரல்கள் மடங்கும், சொன்ன நேரத்துக்கு மடங்காது. செகிரோவில் கார்டு, டிஃப்ளெக்ட் எல்லாம் இடது ஆள்காட்டி விரலில் இருக்கின்றன. பட்டனை வலது பக்கத்துக்கு மாற்றிவைத்துப் பார்த்தான், அந்தக் கையோ வெட்டுவதற்கும் குதிப்பதற்குமே போதவில்லை. “அண்ணா, அடி எங்கேருந்து வருதுன்னு எனக்கு நல்லாத் தெரியுது. கைக்குத்தான் செய்தி லேட்டா போகுது” என்றான். அவனுக்கு ஓடுவது முடியும். ஓடினால் இஷ்ஷின் செத்திருப்பார், பிரசங்கிகளும் கைதட்டியிருப்பார்கள். அவன் கணினியில் ஒரு மோட் போட்டு, வேகத்தை நூற்றுக்கு எழுபதாக இறக்கி, எதிரே நின்றான். மூன்று வாரம் செத்தான். இவன் தன்னையே ஏமாற்றிக்கொண்டான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உ.வே.சா. உரையோடு குறுந்தொகை படித்தவனைப் பார்த்து நீ குறுந்தொகை படிக்கவே இல்லை என்று யாராவது சொல்வார்களா? கோனார் நோட்ஸை மட்டும் படித்துவிட்டுத் தேறியவனைத்தான் சொல்ல வேண்டும். ஓடுகிறவன் அந்த ரகம்.

முடியாத காரியமும் இல்லை இது. ஒரு வருடம் முன்னதாக, 2018-இல் வந்த ‘செலஸ்ட்’ கொடூரமான விளையாட்டுதான். அதன் அசிஸ்ட் மோடில் வேகத்தைப் பாதி வரைக்கும் இறக்கிக்கொள்ளலாம். அதனால் செலஸ்ட் எளிதான விளையாட்டு என்று யாரும் சொல்வதில்லை. பிஎஸ்4-இல் செகிரோ ஆடுகிறவனுக்கு மோடும் கிடையாது, மெனுவில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

2020 அக்டோபரில் ஃப்ரம்சாஃப்ட்வேர் ஓர் இலவச அப்டேட் கொடுத்தது. பாஸ்களோடு திரும்பத் திரும்ப மோதிப் பார்க்கலாம். ஆகா என்று திறந்தால், ஏற்கெனவே ஜெயித்த பாஸ்களோடு மட்டும்தான். நீந்தத் தெரிந்தவனுக்கு மட்டும் குளம் திறந்துவிட்ட கதை. ஈட்டிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டவன் அதை மட்டும் பழக ஒரு வழியும் வைக்கவில்லை. பாழடைந்த கோயில் வாசலில் ஹன்பே என்று ஒருவர் நிற்பார். சாக விரும்பியும் சாக முடியாதவர், என்னை வெட்டிப் பழகிக்கொள் என்று உடம்பைக் கொடுப்பவர். அடிப்படைப் பாடமெல்லாம் அவரிடம்தான். பயிற்சி வேண்டும் என்பது தெரிந்து, அதற்கு இவ்வளவு துயரமான ஒரு பாத்திரத்தையும் படைத்தவர்களுக்கு, அவர் கையில் ஒரு ஈட்டியைக் கொடுக்கத் தோன்றவில்லை.

போன மாதம் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் முழு வேகத்தில் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்தான். இரண்டு குத்துகளை மிதித்தேன், மூன்றாவதில் செத்தேன். “நீ ஈட்டியப் பாக்குறண்ணா. அவரு வலது தோள் பின்னாடி போகுதுல்ல, அங்கயே கெளம்பிடணும்” என்றான். மறுபடி கெனிச்சிரோவிலிருந்து ஆரம்பித்தோம்.