எது பழையது?

ஐந்தாண்டுகளாக ஒரே திறன்பேசியைக் கையாளும் ஒருவர் அடிக்கடி எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு: "இன்னும் இதையா வைத்திருக்கிறீர்கள்?" வினவுவோரின் குரலில் வியப்போடு சற்றே இரக்கமும் கலந்திருக்கும். அந்தக் கருவியோ அழைப்புகளை ஏற்கிறது, செய்திகளைக் கொண்டுவருகிறது, படம் எடுக்கிறது. மூலையில் ஒரு கீறலும் விளிம்பில் மங்கிய நிறமும் தவிர அதற்கு வேறு குறையில்லை. ஆயினும், அது பழையது என்று தீர்ப்பாகிவிடுகிறது. ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்று முடிவு செய்பவர் யார்? அதைப் பயன்படுத்துபவரா, உருவாக்கியவரா, அண்டைவீட்டாரா? திறன்பேசியைப் பற்றிய சிந்தனை இவ்வினாவிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதுமையின் காரணங்கள்

திறன்பேசியில் முதலில் தளர்வது மின்கலமே. லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக அறிவியலாளர் மூவருக்கு 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கலத்தில் மின்னேற்றம் நிகழும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. மின்னாற்றல் செலவாகும்போது திரும்புகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் மிகச் சிறிதளவு லித்தியம் பக்கவினைகளில் சிக்கி, மீண்டும் பயன்படாமல் போகிறது. பல நூறு சுழற்சிகளுக்குப் பின் கலத்தின் கொள்ளளவு குறைவது இதனால்தான். வெப்பம் இத்தேய்வை விரைவுபடுத்தும். இது இயற்கையான தேய்மானம். மிதிவண்டியின் டயர் தேய்ந்தால் டயர் மாற்றப்படுகிறதேயன்றி, மிதிவண்டி தூக்கி எறியப்படுவதில்லை. மின்கலத்திற்கும் இதே நியாயம் பொருந்தும்.

இரண்டாவது காரணம் மென்பொருள். இயங்குதளத்தில் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளை நிறுவனங்கள் அவ்வப்போது சரிசெய்து அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு திறன்பேசிகள் பலவற்றுக்கு இந்த உதவி நெடுங்காலம் இரண்டு, மூன்று ஆண்டுகளே கிடைத்துவந்தது. ஆனால் 2023இல் கூகுளும் 2024இல் சாம்சங்கும் தம் உயர்நிலைத் திறன்பேசிகள் சிலவற்றுக்கு ஏழாண்டுகள் மேம்படுத்தல் வழங்குவதாக அறிவித்தன. கருவியின் ஆயுளைக் குறுக்கியது அதன் உடல் மட்டுமன்று, அதைப் பேணுவோரின் முடிவும்கூட என்பதற்கு இதுவே சான்று.

இத்தகைய முடிவுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. முன்னணி மின்விளக்கு நிறுவனங்கள் சில 1924இல் ஜெனீவாவில் கூடி, ஃபீபஸ் என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. மின்குமிழின் ஆயுளை 1000 மணி நேரமாகக் குறைப்பது அதன் உடன்பாடுகளுள் ஒன்று. அதைவிட நெடுநேரம் எரியும் குமிழ்களைத் தயாரித்த உறுப்பினர்க்குத் தண்டமும் விதிக்கப்பட்டது. நீடித்து உழைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட விந்தை அது!

திறன்பேசித் துறையிலும் ஒரு நிகழ்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. மின்கலம் தளர்ந்த ஐபோன்களின் வேகத்தை மென்பொருள்வழிக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் 2017இல் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக அது விளக்கம் அளித்தது. எனினும் பயனர்களுக்கு அதைத் தெரிவிக்காத காரணத்தால் 2020இல் பிரான்சில் அந்நிறுவனத்திற்கு 2.5 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. புதிய மின்கலம் பொருத்தியிருந்தாலே வேகம் மீண்டிருக்கும். அதை அறியாமல் புதிய கருவி வாங்கியவர்கள் இழந்தது பணம் மட்டுமன்று. தாமே முடிவெடுக்கும் உரிமையையும்தான்.

விலைச்சீட்டில் இல்லாத விலை

மின்கலத்திற்குத் தேவையான கோபால்ட்டில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி காங்கோ மக்களாட்சிக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் சிறுவர்களும் உழைக்கும் அவலம் உலகறிந்தது. ஒரு திறன்பேசியால் வெளியாகும் கரிம வளியின் பெரும்பகுதி, அது வாங்குபவரின் கைக்கு வருவதற்கு முன்பே, உற்பத்தியின்போது வெளியாகிவிடுகிறது. ஆகவே ஒரே கருவியைக் கூடுதலாகச் சில ஆண்டுகள் பயன்படுத்துவது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் எளிய உதவியாகும். 2022இல் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவே.

பழுதுநீக்கும் மரபு

பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோரும் குடையைச் செப்பனிடுவோரும் தெருத்தெருவாக வந்த நாடு இது. அம்மரபின் இன்றைய தொடர்ச்சியைச் சென்னை ரிச்சி தெருவின் சிறு கடைகளில் காணலாம். ஆயினும் உதிரிபாகம் கிடைக்காவிடில் கைவினைத்திறன் மட்டும் என்ன செய்யும்? இதனை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம் புதிய விதிகளை இயற்றியது. 2025 ஜூன் முதல் அங்கு விற்பனைக்கு வரும் திறன்பேசிகளின் மின்கலம் 800 சுழற்சிகளுக்குப் பின்னும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தக்கவைத்திருக்க வேண்டும். முதன்மையான உதிரிபாகங்கள் விற்பனை நின்றபின் ஏழாண்டுகள்வரை கிடைக்க வேண்டும். இந்திய அரசும் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றை 2022இல் தொடங்கியது.

பழையதைப் போற்றுவது பிடிவாதமாகிவிடலாகாது. பாதுகாப்பு மேம்படுத்தல் நின்றுபோன கருவியில் வங்கிப் பரிமாற்றம் செய்வது இடர் தரும். உப்பிய மின்கலத்தை வைத்திருப்பது பேராபத்து. தொழிலுக்கோ உடல்நிலைக்கோ புதிய வசதி தேவைப்படுவோர் மாற்றுவதில் பிழையில்லை. தேவைக்காக மாற்றுவது வேறு. பிறர் பார்வைக்கு அஞ்சி மாற்றுவது வேறு.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, எத்தனையோ வீடுகளில் பெற்றோரின் பழைய திறன்பேசி ஒன்றே வகுப்பறையாயிற்று. உடன்பிறந்தோர் முறைவைத்து அதில் பாடம் கேட்டனர். விரிசல் விழுந்த திரையில் தெரிந்த கணக்கும் சரியான கணக்கே. அந்தக் கருவியின் மதிப்பை அதன் ஆண்டைக் கொண்டு அளக்க முடியுமா?

கருவி வேலை செய்கிறதா? பாதுகாப்பாக இருக்கிறதா? பழுதானால் சரிசெய்ய இயலுமா? இம்மூன்று வினாக்களுக்கும் 'ஆம்' என்பது விடையானால், "இன்னும் இதையா?" என்று கேட்போரிடம், "ஆம், இன்னும் இதைத்தான்" என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.