காட்டுப் பாதை கரடுமுரடாகவே இருக்கட்டும்

மலையில் ஒரு காட்சிமுனை பிரபலமானதும் எழும் முதல் கோரிக்கை, அங்கே தார்ச்சாலை வேண்டும் என்பது. அங்கே ஒரு விபத்து நடந்துவிட்டாலோ, இனி யாரையும் அந்தப் பக்கமே விடக் கூடாது என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதை நம் நிர்வாகம் யோசித்துப் பார்ப்பதே இல்லை. நண்பர்கள் சிலர் சேர்ந்து, குலுங்கிக் குலுங்கிச் செல்லும் ஒரு ஜீப் பாதையில் காட்டோரம் போய், கூடாரம் அடித்து ஒரு இரவு தங்க நினைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ‘தார்’, ‘ஜிம்னி’ போன்ற கரடுமுரடுப் பாதை வண்டிகள் நகரத்து வாசல்களில் நிற்கத் தொடங்கிய பிறகு அந்த ஆசை இன்னும் பரவியிருக்கிறது. அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். பாதையைக் கரடுமுரடாகவே விட்டுவைத்து, அதில் போகும் வண்டிகளை எண்ணி அனுப்பினால் போதும்.

கரடுமுரடான பாதை தானே ஒரு காவலாளி என்பதற்குக் கொழுக்குமலையைப் பார்க்கலாம். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப் ஏறுவதோ கேரளத்தின் சூரியநெல்லியில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சொந்தக் கார் அங்கே எடுபடாது. பழகிய உள்ளூர் ஓட்டுநர்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அந்தக் கூலியும் உள்ளூரிலேயே தங்குகிறது. இதே பாதையில் தார் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஊட்டியும் கொடைக்கானலும் விடை சொல்கின்றன. நல்ல சாலைகள் எல்லாத் திசையிலிருந்தும் ஏறிவரும் அந்த ஊர்களில், 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. முதலில் வழியை அகலப்படுத்திவிட்டுப் பிறகு வாசலில் நின்று வண்டிகளை எண்ணுவது வீண் செலவு. அதே சமயம், மேடு பள்ளம் மட்டுமே போதும் என்றும் சொல்ல முடியாது. விடுமுறை நாளில் சூரிய உதயம் பார்க்கக் கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் வரிசையைக் கண்டவர்களுக்கு அது தெரியும்.

எண்ணிக்கையையும் கரடுமுரடையும் சேர்த்தே காத்துவரும் ஓர் இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் ஓடும் ஒயிட் ரிம் பாதையின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். 1950களில் யுரேனியம் தேடிப் போனவர்களுக்காக அந்நாட்டு அணுசக்தி ஆணையம் போட்ட மண் தடம் அது. யுரேனியம் பெரிதாகக் கிடைக்கவில்லை, தடம் மட்டும் மிஞ்சியது. 1964இல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆன பிறகும் அதைத் தார்ச்சாலை ஆக்கவில்லை. உயரமான அடிப்பாகமும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட வண்டிதான் போகலாம். இரவு தங்க முன்பதிவு வேண்டும். ஒரு குழுவில் 15 பேர், 3 வண்டிகளுக்கு மேல் கூடாது. குறித்த இடங்களில்தான் கூடாரம். விறகு மூட்டத் தடை, நாய் கூட்டிவரத் தடை. குடிநீர் வழியில் எங்கும் கிடையாது, மொத்தமும் கையோடு கொண்டுபோக வேண்டும். வண்டி நின்றுவிட்டால் இழுத்துவர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் உண்டு. அந்தப் பாலைநிலத்து மண்ணின் மேல் நுண்ணுயிர்கள் கட்டிய பொருக்கு ஒன்று படர்ந்திருக்கிறது. டயர் ஏறி உடைந்தால் அது திரும்பக் கூடப் பல ஆண்டுகள் ஆகும். நம் சோலைக்காட்டுப் புல்வெளியின் கதையும் வேறில்லை. சேற்றைத் தவிர்க்க ஒருவர் வண்டியை ஓரம் கட்டினால் அடுத்தவர் அதற்கும் ஓரம் கட்டுவார். அந்தத் தடங்களில் மழைநீர் இறங்கி மண்ணை அறுத்துக்கொண்டு போகும்.

யூட்டாவில் யானை இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் தனியார் விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். அதே மாதம் மசினகுடிப் பக்கம் ஒரு யானை மீது எரியும் டயர் வீசப்பட்ட காட்சி நாட்டையே உலுக்கியது. இரண்டும் நடந்தது, எங்கே தங்கலாம் என்பதை இடத்துக்குச் சொந்தக்காரர்களின் லாபக் கணக்கு தீர்மானித்த இடங்களில்தான். கூடாரம் போடும் இடத்தை வனத்துறை தேர்ந்தெடுத்தால் யானைத் தடத்திலிருந்து விலக்கி அமைக்கலாம், இரவுக் காவலுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை வைக்கலாம், புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியை முழுதாக ஒதுக்கிவிடலாம். தடை மட்டும் போட்டால் தங்குவது நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். மலையேற்றமும் அப்படித்தான்: 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 23 பேரின் உயிர் போனது. யார், எத்தனை பேர், எந்த வழியில் இறங்குகிறார்கள் என்ற கணக்கு முன்கூட்டியே ஓரிடத்தில் இருந்திருந்தால், அந்தக் காய்ந்த புல் பருவத்தில் அவர்களை மலையடியிலேயே நிறுத்தியிருக்க முடியும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு மலைவாழ் மக்களிடமிருந்து வரும். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவரும் ஊர்களில் போய், கரடுமுரடு அழகு என்று நகரத்துக்காரன் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். நாமக்கல் போதமலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தையே தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். 2023இல் வேலூர் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் சுமந்து நடந்தார். அங்கெல்லாம் சாலை இன்றே வேண்டும், அதில் விவாதமே கூடாது. நான் சொல்வது ஊருக்குப் போகும் பாதையை அல்ல, வேடிக்கை பார்க்கப் போகும் பாதையை. உண்மையில் பணம் பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான் சீக்கிரம் ஒதுக்கப்படுகிறது என்பது என் சந்தேகம். இன்னொரு தரப்பு, எதற்கு வண்டியே என்று கேட்கும். கேன்யன்லேண்ட்ஸுக்குப் பக்கத்து ஆர்ச்சஸ் பூங்காவில் 1950களில் வனக்காவலராக இருந்த எழுத்தாளர் எட்வர்ட் ஆபி அப்படித்தான் வாதிட்டார்: பூங்காக்களுக்குள் கார்களே கூடாது என்றார். நடக்க முடியாத முதியவரையும் முழங்கால் வலிக்காரரையும் மறந்த வாதம் அது. உள்ளூர் ஜீப்பில் பங்கு போட்டு ஏறுவதற்கு யாரிடமும் பத்து லட்சம் ரூபாய் வண்டி இருக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கை வைத்தால் சிபாரிசும் லஞ்சமும் நுழையும் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கான கருவி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 மலைநடைப் பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யலாம். உள்ளூர் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் போகிறார்கள். காட்டுத்தீப் பருவத்தில் பாதைகளை மூடுகிறார்கள். அதே இணையதளத்தில் நாலைந்து ஜீப் பாதைகளையும் குறித்த கூடார இடங்களையும் சேர்த்து, நாளுக்கு இத்தனை வண்டி என்று வெளிப்படையாகப் போட்டுவிட்டால் போதும். வனத்துறையும் சுற்றுலாத் துறையும் அடுத்த தீப்பருவம் முடிந்து பாதைகள் திறப்பதற்குள் இதை முடிவு செய்யட்டும். அதுவரை எந்தக் காட்சிமுனைக்கும் புதிய தார்ச்சாலை ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டாம்.