சிப்பிச் சட்டியும் சொல்லப்படாத கப்பல்களும்

பிரெஞ்சுச் சமையல் என்றாலே வெள்ளைத் துணி விரித்த மேசை, வரிசையாகக் கரண்டிகள், வாயில் நுழையாத பெயர்கள் என்று ஒரு மிரட்டல் நம் முன் வைக்கப்படுகிறது. அந்த மிரட்டலுக்குச் சரியான பதில் 'மூல் மரினியேர்'. பெயரைப் பிரித்துப் பார்த்தால் கடலோடிகள் சமைக்கும் விதத்தில் சிப்பி, அவ்வளவுதான்.

ஆளுக்கு அரைக் கிலோ கருஞ்சிப்பி வாங்குங்கள். ஓட்டைச் சுரண்டிக் கழுவி, நார்போல நீட்டிக்கொண்டிருக்கும் தாடியைப் பிடுங்கிவிடுங்கள். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடாவிட்டால் செத்தது, எறிந்துவிடுங்கள். ஓடு உடைந்ததும் வேண்டாம். அகலமான சட்டியில் வெண்ணெயை உருக்கி, பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்குங்கள். வெள்ளை ஒயின் ஒரு டம்ளர் ஊற்றி, கொதித்ததும் சிப்பியைக் கொட்டி மூடுங்கள். பெருந்தீயில் நான்கைந்து நிமிடம். ஓடுகள் வாய் பிளந்ததும் பார்ஸ்லி தூவி இறக்குங்கள். உப்பு வேண்டாம், சிப்பிக்குள் இருக்கும் கடல்நீரே போதும். காலி ஓட்டையே இடுக்கியாக்கி அடுத்த சிப்பியின் சதையை எடுப்பார்கள். மிஞ்சும் சாற்றை ரொட்டியால் தொட்டுத் துடைப்பார்கள். கரண்டி வரிசைக்கு இதில் என்ன வேலை?

இதில் மேட்டிமை எங்கே இருக்கிறது? கடற்கரை மக்கள் பாறையிலிருந்து பெயர்த்துத் தின்ற உணவு இது. இன்றும் பிரான்சின் மேற்குக் கரையில், அலை வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி, 'பூஷோ' எனும் மரக்கம்பங்களில் சிப்பி வளர்க்கிறார்கள். அது குளிரிலும் ஈரத்திலும் செய்யும் உடலுழைப்பு. உணவக விலைப்பட்டியலில் அந்த உழைப்புக்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு வகை உண்டு: லா ரொஷேல் வட்டாரத்து 'மூக்லாட்'. வெந்த சிப்பியின் சாற்றில் பாலாடையும் முட்டை மஞ்சள் கருவும் கலந்து, குங்குமப்பூவோ கறிப்பொடியோ சேர்ப்பார்கள். பிரெஞ்சுச் சட்டிக்குள் கறிப்பொடி எப்படி வந்தது என்று கேட்டால், துறைமுக நகரமல்லவா, கீழை நாட்டு மசாலா கப்பலில் வந்திறங்கியது என்று பெருமையோடு சொல்வார்கள். சரி, அந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் வேறு எதை ஏற்றின? 18-ஆம் நூற்றாண்டில் லா ரொஷேல் பிரான்சின் முக்கிய அடிமை வணிகத் துறைமுகங்களில் ஒன்று. ஆப்பிரிக்க மனிதர்களை விலங்கிட்டு, இன்றைய ஹைட்டியான சான் தொமிங்குவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விற்ற லாபத்தில்தான் அங்கே பல மாளிகைகள் எழுந்தன.

அந்த நகரமே இதை மறைக்கவில்லை. 1982-இல் திறக்கப்பட்ட அதன் 'புதிய உலக அருங்காட்சியகம்' இந்த வரலாற்றைப் பேசுகிறது. ஹைட்டிப் புரட்சியின் தலைவர் தூசான் லூவெர்த்தூர் 1803-இல் பிரெஞ்சுச் சிறையில் செத்தார். 2015 முதல் அவருடைய சிலை அதே அருங்காட்சியக முற்றத்தில் நிற்கிறது. நகரம் ஒப்புக்கொண்டதைச் சமையல் குறிப்புகள் ஏன் விழுங்குகின்றன? மசாலாவின் மணம் மட்டும் வேண்டும், கப்பலின் நாற்றம் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

அதற்காகச் சிப்பியை ஒதுக்கச் சொல்லவில்லை. உணவின் மேல் குற்றமில்லை. தாராளமாக வீட்டில் சமையுங்கள், கையாலேயே தின்னுங்கள். ஆனால் விருந்தாளிக்கு மூக்லாட் பரிமாறிக் கப்பல் கதை சொல்வதாக இருந்தால், முழுக் கதையையும் சொல்லுங்கள்.