எந்த மீனை எடுப்பது, எதை விடுவது?

மழை பெய்து கண்மாய் பெருகியதும் கரையோரத் தண்ணீரில் செக்கச் செவேலென்று குஞ்சுக் கூட்டமொன்று மேலே வந்து வந்து போகும். அதன் அடியில் தாயும் தகப்பனுமாக விரால் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையைக் கோத்துத் தூண்டிலை இறக்கினால், குஞ்சைக் காக்கப் பாய்கிற விரால் சிக்கிவிடும். அன்றைக்குக் குழம்புக்கு ஒரு மீன் கிடைக்கும். காவல் இழந்த குஞ்சுகளையோ கொக்கும் பிற மீன்களும் தின்று தீர்த்துவிடும்.

பயிற்சிக்காகக் கிராமங்களுக்குச் செல்லும்போது, "முன்போல விரால் இல்லை, ஐயா" என்ற பேச்சைக் கேட்காத ஊர் இல்லை. கண்மாய் தூர்ந்ததும் மழை பொய்ப்பதும் காரணங்கள்தாம். ஆனால், இன்றைக்கே நம்மால் நிறுத்தக்கூடிய காரணம் மேலே சொன்னதுதான்.

மீனுக்கு மீன் முறை மாறும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு. ஆகவே, கண்மாய் வற்றுமுன் இவற்றை முழுவதும் பிடித்துவிடலாம். ஆனால், ஓராண்டில் ஒரு கிலோ தேறக்கூடிய கட்லாவைக் கால் கிலோவில் அரித்தெடுப்பது, பால் முற்றாத கதிரை அறுப்பதற்குச் சமம்.

1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் தானே பெருகிக் குளத்தை நிரப்பிவிடும். அதை எடுத்துக்கொண்டே இருக்கலாம். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால் திரும்ப விடவே கூடாது.

விரால் அப்படியல்ல. நம் கண்மாயிலேயே பெருகும் மீன். நல்ல விலை போகும் மீன். குஞ்சோடு திரியும் விரால் நமக்கு விதைநெல். அது காற்றையும் சுவாசிப்பதால், நனைந்த கையால் பிடித்துப் பக்குவமாக முள்ளைக் கழற்றி விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

வெடி போடுவதையும் நஞ்சு கலப்பதையும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது. நீலகிரி மீன்களைக் காக்க அதற்கும் முன்பே, 1879-ல், தனிச் சட்டம் வந்தது. ட்ரௌட் மீன் வாழும் ஏரிகளில் ஒருவர் எத்தனை மீன், எந்த நீளத்தில் எடுக்கலாம் என்று பல நாடுகளில் விதி வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவரே அளவுகோலுடன் நிற்கும்போது, மீனை நம்பியுள்ள நாம் விராலுக்கு விதி வகுக்கக் கூடாதா?

ஊர்க் கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுத்தால் போதும். குஞ்சோடு திரியும் விராலை எவரும் பிடிக்கலாகாது. ஓர் அடி நீளம் எட்டாத விராலைத் திரும்ப விட்டுவிட வேண்டும். மீன்பிடித் திருவிழா நாளிலும், கோடையில் நீர் நிற்கும் மடுவில் வலையோ ஊத்தாவோ போடக் கூடாது.

இவற்றை மீன் குத்தகை ஏல நிபந்தனையிலும் சேர்க்க வேண்டும். ஓராண்டுக்கு மட்டும் குத்தகை எடுத்தவர், அடுத்த ஆண்டு வேறொருவர் பிடிக்கப்போகும் மீனை விட்டுவைப்பாரா? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குத்தகையை மூன்றாண்டுக்குக் கொடுத்தால், இன்று விட்ட மீன் நாளை தமக்கே என்ற எண்ணம் அவருக்கும் வரும்.

வரும் ஏலத்துக்கு முன்பே இதைப் பேசி முடிவு செய்யுங்கள். மழை வந்தபின் பேசினால், தூண்டில் முந்திக்கொள்ளும்.